பெயர் அறுத்த பதினொரு கதைகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

கம்பெனியிலிருந்து நாலரைக்குக் கிளம்பி, ஆறரைக்கு டேட்டாபேஸ் வகுப்பு தொடங்குவதற்குள் காப்பகத்தின் பொது அஞ்சலைப் பார்த்துவிடுவது என் வழக்கம். இன்று பார்த்த கடிதத்தால் வகுப்பில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நோட்டில் தேதி மட்டும்தான் இருக்கிறது.

கடிதம் எழுதியவர் பெயர் கார்த்திகா. பூந்தமல்லியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. எங்கள் கிளைக்கதைக் காப்பகத்தில் ஒரே கணக்கில் இரண்டு பெயர்களில் எழுதியவர். சொந்தப் பெயரில் மூன்று கதைகள், சிறுவர்களுக்கானவை. 'ஊதாநிழல்' என்ற பெயரில் பதினொன்று, பெரியவர்களுக்கானவை. பதினான்கும் 'மூன்றாம் ரோந்து' என்ற பழைய டிவி தொடரில் வரும் கான்ஸ்டபிள் பார்வதியைப் பற்றியவை. தொடரில் பார்வதி கணவனை இழந்தவள், அழுவதற்கு மட்டும் வருவாள். ஊதாநிழல் கதைகளில் அவளுக்குக் காதல் உண்டு, ஆசை உண்டு, கோபம் உண்டு. ரசிகர்கள் இப்படி எழுதுகிற கதைகள் அழிந்துபோகாமல் வைத்திருக்கத்தான் காப்பகம். விளம்பரம் கிடையாது, சம்பளம் கிடையாது, நாங்கள் நாலே பேர்.

மார்ச்சில் ஊதாநிழல் தன் கதைகளுக்குப் 'பெயர் அறுக்க' விண்ணப்பித்தார். கதையை அழிக்கவும் மனமில்லை, அதோடு தன் பெயர் இருக்கவும் கூடாது என்கிற எழுத்தாளர்களுக்காக நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு அது. கதை இருக்கும். எழுதியவர் பெயர் வெட்டப்பட்டு, அந்த இடத்தில் 'பெயரிலி' என்று நிற்கும். ஒருவர் வெட்ட வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அன்று வெட்டியவர் ஜெகதீஷ் அண்ணா. சரிபார்த்தது நான்.

கடிதத்தின் முக்கியமான பகுதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

"சனிக்கிழமை எங்கள் தாளாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்தார். பெயர் அறுத்த பதினொரு கதைகளின் தலைப்பும் அதில் வரிசையாக எழுதியிருந்தது. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. 'இது நீங்கதானே டீச்சர்?' என்றார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த திங்கள் காலை பத்து மணிக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்களில் யாராவது சொல்லியிருந்தால் அவரிடம் ஆதாரம் இருக்கும். அப்போது பொய் சொல்லிப் பயனில்லை, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவேன். வெறும் ஊகம் என்றால், இல்லை என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவேன். இரண்டில் எது என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். தாளைப் படம் பிடித்து இணைத்திருக்கிறேன்."

பெயர் அறுத்த பிறகும் பழைய விண்ணப்பம் நிர்வாகப் பக்கத்தில் இருக்கும். அதைத் திறந்தால் யார், என்ன மின்னஞ்சல், எந்தெந்தக் கதைகள், எல்லாம் தெரியும். திறக்க முடிந்தவர்கள் மூன்று பேர். தலைவர் கிருபாகரன் சார், ஜெகதீஷ் அண்ணா, நான். நான் சொல்லவில்லை. யாரிடமாவது பேச்சுவாக்கில் சொல்லியிருப்பேனா என்று மார்ச் மாத டைரியை முழுக்கப் படித்துப் பார்த்தேன். இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மதிய இடைவேளையில் கிருபாகரன் சார் கூப்பிட்டார். ஆவடியில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருப்பவர். போனில் பேசும்போதும் ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரியே இருக்கும்.

"எதையும் எழுதி வைக்கிற ஆளு நீங்கதாம்மா. விண்ணப்பத்தை யார் யார் எப்ப திறந்தாங்கன்னு லாக் இருக்குல்ல, அதை உங்களுக்கும் பவ்யாவுக்கும் திறந்து விடுறேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குள்ள ஒரு அறிக்கை குடுங்க."

"சார், நானும் திறக்கக்கூடிய ஆள்தான். என்னையே பார்க்கச் சொன்னா…"

"நானும்தாம்மா திறக்கலாம். யாராவது ஒருத்தர் பார்த்துத்தானே ஆகணும். ஜெகதீஷ்கிட்ட மட்டும் இப்ப பேச வேணாம்."

ஏன் ஜெகதீஷிடம் மட்டும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மாலை வகுப்புக்கு முன் லாக்கைப் பார்த்தேன். மார்ச்சில் வெட்டியபோது ஒன்று, சரிபார்த்தபோது ஒன்று. பிறகு மே 19, ஜூன் 21, ஜூலை 30. மூன்றுமே ஜெகதீஷ் அண்ணா. கிருபாகரன் சார் ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

முடிந்துபோன விண்ணப்பத்தை மூன்று முறை திறக்க என்ன வேலை? தாளாளர் தாளைக் காட்டியது ஆகஸ்ட் 2. அதற்கு மூன்று நாள் முன்புதான் ஜூலை 30.

சரியாகப் பார்த்தேனா என்று விண்ணப்பத்தையும் லாக்கையும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். தேதி மாறவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

வகுப்பு இல்லை. கொரட்டூரில் பவ்யா அக்கா வீட்டுக்குப் போனேன். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், ஐ.டி. வேலை. காப்பகத்தின் விதிகளை எழுதியவர் அவர்தான். ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருக்க, மைக்கை அணைத்துவிட்டு என்னிடம் பேசினார்.

"லாக்கை நானும் பார்த்துட்டேன் கண்ணு. உனக்கு ஒண்ணு தெரியுமா? ஜெகதீஷ் ஜெராக்ஸ் கடை எங்க இருக்கு?"

"பூந்தமல்லி."

"அந்த ஸ்கூலுக்கு எதுத்த தெரு. ஸ்கூலோட பிரிண்டிங் பூரா அங்கதான். தாளாளரும் அவரும் டீ குடிக்கிறதை என் கண்ணால பார்த்திருக்கேன்."

"நீங்க எப்போ பார்த்தீங்க?"

"போன வருஷம். பொண்ணுக்கு அட்மிஷன் கேக்கப் போனேன்."

"போன வருஷம் டீ குடிச்சதுக்கும் இதுக்கும்…"

"ஏன், அவருக்கு வக்கீலா நீ? அந்தாளு வாய் ஒரு இடத்துல நிக்குமா? 'ஒங்க டீச்சரு இன்னா எழுதறாங்க தெரியுமா சார்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லிருப்பார். கெட்ட எண்ணம்லாம் இருக்காது. வாய்."

"நேரா கேட்டுட்டா?"

"கேட்டா உஷாராயிடுவார். லாக்கை அழிக்கிற அனுமதி அவருக்கு இருக்கு, மறந்துடாத."

அதை நான் யோசிக்கவில்லை. சர்வர் முழுக்க ஜெகதீஷ் அண்ணாவின் கையில்தான். ரயிலில் திரும்பும்போது போனிலேயே லாக்கைத் திறந்து வரிகளை எண்ணினேன், விண்ணப்பத்தையும் மறுபடி திறந்து ஒப்பிட்டேன். அம்பத்தூரில் இறங்கி இன்னொரு முறை எண்ணினேன். யாராவது அழித்தால் எனக்குத் தெரிய வேண்டும். பவ்யா அக்கா சொன்னது ஊகம்தான். ஆனால் கேட்ட பிறகு மூன்று தேதிகளும் வேறு மாதிரித் தெரிகின்றன.

ஆகஸ்ட் 7, வியாழன்

அரை நாள் விடுப்பு. வகுப்புக் குறிப்புகளை நகல் எடுக்க வேண்டும் என்ற சாக்கில் பூந்தமல்லிக்குப் போனேன். அம்பத்தூரில் எத்தனையோ ஜெராக்ஸ் கடை இருக்க, பஸ் ஏறி அவ்வளவு தூரம் போனதே சாக்கு என்று காட்டிக்கொடுக்கும் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

ஜெகதீஷ் அண்ணா அம்பத்தூரில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். கடை மட்டும் இங்கே. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"இன்னா சாமு! அம்பத்தூர்ல கரண்ட் இல்லியா? நாப்பது பேஜுக்கு பூந்தமல்லி வந்துகீற?"

"இந்தப் பக்கம் ஒரு வேலைண்ணா."

"இன்னா வேல? பொண்ணு பாக்கப் போற பையன் மாறி முழிச்சிகினு கீற. குடு, அட்ச்சித் தரேன்."

மேசையில் கட்டுக்கட்டாகத் தாள்கள். மேல் கட்டில் அந்தப் பள்ளியின் முத்திரை இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, கட்டைத் திருப்பிக் கவிழ்த்தார்.

"அது என்னண்ணா?"

"கொஸ்டின் பேப்பரு. கண்டவங்களுக்கும் காட்டுனா கடைய மூடிக்கினு போவ வேண்டியதுதான்."

"நான் கண்டவங்களா?"

"நீ காப்பகத்துல ஆபீசரு. இங்க கஸ்டமரு." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அந்த டீச்சர் லெட்டரு பாத்தியா? பேஜாரா கீது. பாவம்பா அவங்க."

"பார்த்தேன். யாருண்ணா சொல்லியிருப்பாங்க?"

"எனுக்கு இன்னா தெரியும்? ஆமா, யாரும் இன்னும் எங்கிட்ட ஒண்ணியும் கேக்கலியே, ஏன்?"

அப்போது அவர் போன் அடித்தது. எடுத்து, "இப்ப ஆள் கீறாங்க சார், அப்பால கூப்புடுறேன்" என்று சொல்லி வைத்தார். யார் அந்த சார்? நகல்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று பக்கம் விடுபட்டிருப்பதை வகுப்பில்தான் கவனித்தேன். வழக்கமாக எண்ணிப் பார்க்காமல் வாங்க மாட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை. அறிக்கை எழுதினேன். ஒன்றே கால் பக்கம். மூன்று தேதிகள், கடை இருக்கும் இடம், பள்ளியோடு தொழில் உறவு, கவிழ்த்து வைத்த தாள், போனில் பேசிய சார். முடிவு என்ற இடத்தில் 'ஜெகதீஷ் அவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கலாம்' என்று எழுதி, 'விடுவிக்கலாம்' என்பதை 'விடுவிப்பது பற்றி யோசிக்கலாம்' என்று மாற்றி, மறுபடி பழையபடியே ஆக்கினேன்.

கிருபாகரன் சாருக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்கும்மா. தெளிவா இருக்கு. அப்ப டீச்சருக்கு, உள்ளேயிருந்துதான் போயிருக்கு, தாளாளர்கிட்ட ஆதாரம் இருக்கும்னு ஞாயித்துக்கிழமை எழுதிடுவோம்."

அதாவது அந்த அம்மா திங்கட்கிழமை ராஜினாமா எழுதுவார். என் ஒன்றே கால் பக்கத்தை நம்பி.

கம்பெனியில் ஒரு பொருளை நான் ரிஜெக்ட் செய்தால், அளவு எவ்வளவு விலகியது என்று எழுதி, அந்தப் பொருளையும் கூடவே வைக்க வேண்டும். பொருள் இல்லாத ரிஜெக்ட் சீட்டை சூப்பர்வைசர் கிழித்துப் போட்டுவிடுவார். என் அறிக்கையில் பொருள் எங்கே? அவர் திறந்தார் என்பதற்கு லாக் இருக்கிறது. சொன்னார் என்பதற்கு என்ன இருக்கிறது? மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் யாரோ கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள், அதனால்தான் யோசிக்க முடியவில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாளை அரை நாள் வேலை. மதியம் வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

கார்த்திகா அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, தாளில் இருந்த தலைப்புகளை அதே வரிசையில் எழுதினேன். 'ஈரச் சீருடை' முதலில், 'பின்வாசல் மணி' இரண்டாவது. விண்ணப்பத்தில் இருந்தவை எழுதிய தேதி வரிசையில் இருக்கும். அதில் 'ஈரச் சீருடை' ஒன்பதாவது. விண்ணப்பத்தைப் பார்த்துச் சொன்னவர், அல்லது அதை நகல் எடுத்தவர், ஏன் ஒன்பதாவதை முதலில் எழுத வேண்டும்?

அகர வரிசையும் இல்லை. நீள வரிசையும் இல்லை. எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணைப் பக்கத்தில் போட்டுப் பார்த்தபோது பொருந்தியது. அதிகம் படிக்கப்பட்டது மேலே. அந்த வரிசை காப்பகத்தில் ஒரே இடத்தில்தான் வரும், குறிச்சொல் பக்கங்களில். அவற்றை யாரும் பார்க்கலாம். கணக்குகூட வேண்டாம்.

குறிச்சொற்களை அடுக்குவது என் வேலை. எழுத்தாளர்கள் தங்கள் கதையின் கீழே அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு மூன்று சொற்களில் குறிப்பார்கள். ஒரே விஷயத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். பொருள் ஒன்றாக இருந்தால் நான் அவற்றை இணைப்பேன். இணைத்தால் எல்லாக் கதைகளும் ஒரே பக்கத்தில் வரும். ஒரே ஒருவர் மட்டும் பயன்படுத்துவதை இணைக்கக் கூடாது, குறைந்தது மூன்று எழுத்தாளர்களாவது இருக்க வேண்டும் என்பது விதி. எண்ணிக்கை மூன்றைத் தொட்டதும் அந்தச் சொல் தானாக என் சனிக்கிழமைப் பட்டியலுக்கு வந்துவிடும்.

யாரோ ஒரு பெற்றோர் போல, கணக்குக்குள் நுழையாமல், கார்த்திகா சொந்தப் பெயரில் எழுதிய சிறுவர் கதை ஒன்றைத் திறந்தேன். கீழே 'வாட்ச் கட்டாத பார்வதி' என்று இருந்தது. தொட்டேன். வயது பதினெட்டுக்கு மேலா என்று கேட்டது. ஆம் என்றேன்.

பதினான்கு கதைகள். 'ஈரச் சீருடை', 'பின்வாசல் மணி', தாளில் இருந்த அதே வரிசையில் பதினொன்றும் 'பெயரிலி'. அடியில் மூன்று, 'கார்த்திகா'. வேறு ஒருவர் கதையும் அந்தப் பக்கத்தில் இல்லை.

தொடரில் பார்வதி வாட்ச் கட்டியிருப்பாள். கட்டாதவளாக, வழியில் போகிறவர்களிடமெல்லாம் மணி கேட்கிறவளாக மாற்றியது இந்த ஒரு எழுத்தாளர் மட்டும்தான். சிறுவர் கதைகளில் 'வாட்ச் கட்டாத பார்வதி' என்று குறித்தார். ஊதாநிழலாக எழுதியபோது கவனமாக மாற்றி, 'பார்வதியின் வெறும் மணிக்கட்டு' என்று குறித்தார். மெஷினுக்கு அது வேறு, இது வேறு. இரண்டும் ஒன்று என்று தெரிய வேண்டுமென்றால் கதைகளைப் படித்திருக்க வேண்டும். நான் பதினான்கையும் படித்திருந்தேன்.

இணைத்தவர்: சாமுண்டீஸ்வரி. ஜூன் 14, சனி, மாலை 5.40.

மூன்று பேர் என்ற விதி என்ன ஆனது என்று பார்த்தேன். எங்கள் மென்பொருள் ஒவ்வொரு பெயரிலியையும் தனித்தனி ஆளாக எண்ணும். மார்ச்சில் பெயரை அறுத்ததும் ஓர் எழுத்தாளர் பதினொரு பேர் ஆகிவிட்டார். ஜூனில் என் நீண்ட பட்டியலில் அந்தச் சொல்லின் முறை வந்தபோது எண்ணிக்கை பதினொன்று என்று இருந்திருக்கிறது. நான் சரி போட்டிருக்கிறேன். அந்த நாள் டைரியில் 'இன்று 62 குறிச்சொற்கள் முடித்தேன்' என்று இருக்கிறது.

பெயரை அறுத்ததைச் சரிபார்த்ததும் நான்தான். கதைகளைப் படித்ததும் நான்தான். பதினொரு பேர் என்று பார்த்தபோது, இவர்கள் யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இணைப்பைப் பிரித்துவிட்டேன். ஐந்து மணிக்குப் பக்கம் மறைந்தது. ஒன்றே கால் பக்க அறிக்கையை அழிக்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கூட்டம் காலை பத்து மணிக்கு, கிருபாகரன் சார் வீட்டில். நான் எழுதி எடுத்துப் போனதைப் படிக்கத் தொடங்குமுன் பவ்யா அக்கா லேப்டாப்பை எல்லோர் பக்கமும் திருப்பினார்.

"சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு. நேத்து ராத்திரி லாக்கை மறுபடி பார்த்தேன். இந்த அஞ்சு நாள்ல அந்த விண்ணப்பத்தை இருபத்தாறு தடவை திறந்திருக்காங்க. எல்லாம் ஒரே ஆளு."

என் பெயர் வரிசையாக நின்றது.

ஜெகதீஷ் அண்ணா எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா! ரேஷன் க்யூ மாறி நிக்கிது."

"ஏன் சாமு இத்தனை தடவை?" என்றார் பவ்யா அக்கா. 'கண்ணு' இல்லை.

"சரியாப் பார்த்தேனான்னு பார்க்கத்தான் அக்கா."

"இருபத்தாறு தடவையா?"

எனக்கே நம்பத் தகாததாக இருந்தது. வேறு வழியில்லாமல், எழுதி எடுத்துப் போன தாளைப் பார்க்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வாட்ச், மணிக்கட்டு, பதினொரு பெயரிலி, ஜூன் 14. சொல்லி முடித்தபோது சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்ப மே, ஜூன், ஜூலைல ஜெகதீஷ் எதுக்குத் திறந்தார்?" என்றார் பவ்யா அக்கா. இன்னும் விட மனமில்லை அவருக்கு.

ஜெகதீஷ் அண்ணா போனை எடுத்து உதவி அஞ்சலைத் திறந்து மேசையில் வைத்தார். அந்தப் பெட்டி அவர் மட்டும் பார்ப்பது. மே 19, ஜூன் 21, ஜூலை 30. மூன்றும் கார்த்திகா எழுதிய கடிதங்கள். வீட்டில் மகளும் அதே போனை எடுப்பதால் கடவுச்சொல்லைச் சேமித்து வைப்பதில்லை, மறந்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள். மாற்றிக் கொடுக்குமுன் அதே ஆள்தானா என்று அவர் பழைய விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.

"உன் அறிக்கைல என் பேரு இருந்திச்சா சாமு?"

"இருந்துச்சுண்ணா."

"கடைக்கு வந்தது ஜெராக்ஸுக்கு இல்ல."

"இல்லண்ணா."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா அங்கியே போனைக் காட்டிருப்பேன்ல. சார் நீங்களாவுது கேட்டிருக்கலாம். நாலு பேரு கீறோம், நாலு பேருக்குள்ள துப்பறியும் டிபார்ட்மெண்டு வேற." யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கிருபாகரன் சார் தொண்டையைச் செருமினார். "நடந்தது நடந்துபோச்சு. டீச்சருக்கு நாளைக்குக் காலைல பதில் வேணும். 'எங்கள் தரப்பில் யாரும் தகவல் தரவில்லை, அது ஊகமே' அப்படின்னு எழுதிடலாம். உண்மைதானே?"

"உண்மைதான் சார். ஆனா அந்த ஊகத்துக்கு வழி பண்ணிக் கொடுத்தது நான்தான்னும் எழுதணும்."

"எழுதினா அவங்க இன்னும் பயந்துடுவாங்க," என்றார் பவ்யா அக்கா.

"எழுதலன்னா எதை நம்பி அவங்க 'இல்லை'ன்னு சொல்லுவாங்க? நாளைக்கு அவங்க சொல்லப்போறது பொய் அக்கா. எவ்வளவு தூரம் நிக்கும்னு தெரிஞ்சுதானே சொல்லணும்?"

பேசியது நான்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கடைசியில் என்னையே போனில் பேசச் சொன்னார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கார்த்திகாவிடம் பேசினேன். முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"நீங்க யாரையோ காப்பாத்தறதுக்காகச் சொல்லலியே?"

"இல்லைங்க மேடம்."

"எங்க ஸ்கூலுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிறவர் உங்க ஆளுன்னு எனக்குத் தெரியும். ஒரு வாரமா அந்தக் கடை வாசல்ல தலை குனிஞ்சு போயிட்டிருக்கேன்."

"அவர் இல்லை மேடம். குறிச்சொல் இணைக்கிற பதிவு எல்லாரும் பார்க்கிற மாதிரிதான் இருக்கு. என் பேர், தேதி, மணி எல்லாம் இருக்கும். அனுப்பறேன், பாருங்க."

பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். "உங்களுக்கு என்ன வயசும்மா?"

"இருபத்து நாலு."

"பதினாலையும் படிச்சீங்களா?"

"ஆமா மேடம்."

"ரெண்டும் ஒண்ணுதான்னு இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிச்சதில்லை," என்றார். கோபமா, வேறு ஏதாவதா என்று குரலில் தெரியவில்லை. "சரி. நாளைக்கு நான் இல்லைன்னு சொன்னா, அதுக்கு மேல அவரால என்ன காட்ட முடியும்?"

"அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வெச்சிருந்தா அதைக் காட்டலாம். பதினாலு கதையிலயும் பார்வதி வாட்ச் கட்டலைங்கிறதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. யார் எழுதினாங்கன்னு நாங்க சொன்னாத்தான் உண்டு. நாங்க சொல்ல மாட்டோம்."

"சொல்ல மாட்டீங்க," என்றார். கேள்வியாகவும் இல்லை, நம்பியதாகவும் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

பத்து மணியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தேன். அளவுமானியை வைத்துவிட்டுப் போனை எடுப்பதை சூப்பர்வைசர் இரண்டு முறை பார்த்துவிட்டார்.

நாலு ஐம்பதுக்குக் கடிதம் வந்தது.

"இல்லை என்று சொன்னேன். 'சரி டீச்சர்' என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஒரு பாடவேளை மட்டும் போய்விட்டது, மற்ற வகுப்புகளை எடுத்தேன். வேலை இருக்கிறது. ஆனால் இனிமேல் என் பெயர் அந்த இடத்தில் இருப்பது சரியில்லை. சொந்தப் பெயரில் உள்ள மூன்று கதைகளுக்கும் பெயரை அறுத்துவிடுங்கள். இன்றே."

வகுப்புக்குப் போகாமல் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தேன். சரிபார்க்க இன்னொருவர் வேண்டும். பவ்யா அக்காவுக்கு அனுமதி இல்லை, கிருபாகரன் சார் டூட்டியில் இருந்தார். ஜெகதீஷ் அண்ணாவைக் கூப்பிட்டேன். "ம், பண்ணு, பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார். குறிச்சொற்களையும் எடுத்தேன். இந்த முறை சரிபார்ப்புப் பட்டியலில் இல்லாததையும் பார்த்தேன். கதையின் உடல், முன்னுரை, படம், கடைசியாகக் கீழே வாசகர் கருத்துகள்.

கருத்துகளை நாங்கள் தொடுவதில்லை. அவை வாசகர்களுக்குச் சொந்தம் என்பது விதி. மூன்று கதைகளின் கீழும் சேர்த்துப் பத்தொன்பது இருந்தன. எல்லாம் அவர் பள்ளிப் பிள்ளைகள் எழுதியவை. 'கார்த்திகா மிஸ் சூப்பர்.' 'மிஸ் பார்வதி ஏன் இன்ஸ்பெக்டர் ஆகல?' 'கார்த்திகா மிஸ் அடுத்த கதை எப்போ, 7 பி.' பெயரை அறுத்தாலும் இவை இருக்கும்வரை அறுத்ததாகவே ஆகாது.

ஜெகதீஷ் அண்ணாவிடம் சொன்னேன். போனில் அவர் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"பசங்க எழுதினதா? எல்லாமா?"

"பத்தொன்பதும் அண்ணா."

"அவங்களக் கேளு. நாமளா எதுவும் செய்ய வேணாம்."

எழுதிக் கேட்டேன். உடனே பதில் வந்தது. "எடுத்துவிடுங்கள்." ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று. "எடுப்பதற்கு முன் நான் ஒருமுறை படித்துக்கொள்கிறேன். பத்து நிமிடம் கொடுங்கள்."

அந்த இரண்டாவது பதில் ஆறு ஐந்துக்கு வந்தது. ஜெகதீஷ் அண்ணாவும் நானும் போனை வைக்காமல் காத்திருந்தோம். அவர் பக்கம் யாரோ இரண்டு பக்கம் ஆதார் நகல் கேட்டு வாங்கிப் போனார்கள். ஆறு பதினைந்து ஆனது, ஆறரை ஆனது.

ஆறு ஐம்பதுக்கு 'சரி' என்று வந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒவ்வொன்றும் போனதும் ஜெகதீஷ் அண்ணா அங்கிருந்து மீதி எண்ணைச் சொன்னார்.